நல்லூர்த் தேருக்குப் போகிறோம், எந்தத் தீவுக்குப் படகு ஏறுவது?

கேள்வி: ஆவணியில் நல்லூர்த் தேர் பார்க்க யாழ்ப்பாணம் போகிறோம். நான், என் வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் மகன், எழுபது தாண்டிய மாமியார். நடுவில் ஒரே ஒரு நாள் சும்மா இருக்கிறது. நயினாதீவு அம்மனைப் பார்த்தே ஆகணும் என்கிறார் அத்தை. அவருக்கு மூட்டுவலி. நெடுந்தீவில் காட்டுக்குதிரை இருக்கிறதாம், அதைப் பையனுக்குக் காட்டணும் என்கிறார் இவர். நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். எது சரி?
— வாசகி, வில்லாபுரம், மதுரை

பதில்: இதே சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. ஜெயித்தது என் மனைவி. அதனால் முதல் தடவை நயினாதீவு. மறு வருஷம் நான் மட்டும் போய் நெடுந்தீவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டுக்கும் படகு குறிகட்டுவான் துறையிலிருந்துதான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகப் போகவேண்டும். நம்ம ஊரிலிருந்து மேலூர் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பல இடங்களில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல்தான். பையனை ஜன்னல் ஓரம் உட்காரவையுங்கள்.

அங்கிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிஷம். நெடுந்தீவு ஒரு மணி நேரம். ஆவணியில் இந்த வித்தியாசம்தான் முக்கியம். அது தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலம். நான் நெடுந்தீவு போன அன்று படகு நகரா முரசு கொட்டுகிற மாதிரி அலையில் அடித்துக்கொண்டே போனது. உள்ளே டீசல் வாடை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவே இல்லை. எனக்கு அந்த யோசனை தோன்றவில்லை. பலன், காலையில் சாப்பிட்ட இடியாப்பம் கடலுக்குப் போனது. உங்கள் அத்தையை இந்தப் படகில் ஏற்றாதீர்கள்.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும் தப்பில்லை. நெடுந்தீவு மாதிரி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை. வேலிக்குப் பதிலாகப் பவளக்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லை, வெறும் அடுக்குத்தான். ஒரு கல்லைக் குனிந்து பார்த்தேன், இடியாப்பத்தைப் பிழிந்து காயவைத்த மாதிரி அப்படியே சுருள் சுருளாக வரி. (காலை அனுபவத்துக்குப் பிறகு அந்த ஞாபகம் வந்திருக்க வேண்டாம்.) உள்ளே நாலைந்து பேர் புகுந்து நிற்கிற பொந்தோடு ஒரு பெருக்க மரம் இருக்கிறது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். குதிரைகள் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை என்கிறார்கள். உயரம் குறைவுதான். ஆள் கிட்டே போனால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்கின்றன. தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர், நடந்து பார்க்கிற கதையே இல்லை. ஓட்டோ பிடிக்கவேண்டும். அங்கே ஆட்டோ என்று சொல்லமாட்டார்கள், ஓட்டோதான். நிழல் குறைவு, நல்ல தண்ணீருக்குக் கஷ்டப்படுகிற ஊர். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் யாழ்ப்பாணத்திலிருந்தே எடுத்துப் போகவேண்டும்.

நயினாதீவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இறங்கினால் எதிரே நாகபூஷணி அம்மன் கோபுரம், அத்தைக்கு நடையே இல்லை. அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த பாம்பைக் கருடன் மறித்த கதையை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும், வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். மதியம் அன்னதானம் உண்டு. அந்த மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. கீழமாசி வீதியில் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் இந்தத் தீவைப் பற்றி எழுதினார் என்று நினைத்துக்கொண்டே நான் அங்கே சாம்பார் சாதம் சாப்பிட்டேன். தீவில் நாக விகாரையும் இருப்பதால் பௌர்ணமி அன்று தெற்கிலிருந்து சிங்கள யாத்ரீகர்கள் நிறைய வருவார்கள், அந்த நாளைத் தவிருங்கள்.

ஒரே நாளில் இரண்டையும் எல்லோருமாகப் பார்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். இரண்டும் அரைகுறையாகப் போகும். என் யோசனை இது: நாலு பேரும் விடியற்காலையில் ஒரே வண்டியில் குறிகட்டுவான் போங்கள். அப்பாவும் மகனும் முதல் நெடுந்தீவுப் படகில் ஏறட்டும். நீங்களும் அத்தையும் அவசரமில்லாமல் நயினாதீவுக்குப் போய், அன்னதானம் சாப்பிட்டுவிட்டுத் துறைக்குத் திரும்பிவிடுங்கள். நெடுந்தீவிலிருந்து திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தவறவிட்டால் ராத்திரி அங்கேதான்.

ஒரே ஒரு சங்கடம். நாங்கள் நயினாதீவு போன அன்று எங்கள் படகு இரண்டாவது வரிசையில் நின்றது. முன்னால் கட்டியிருந்த படகைத் தாண்டித்தான் ஏறினோம். என் மனைவியை ஒரு படகுக்காரத் தம்பி, "அம்மா, காலை இஞ்ச வையுங்கோ" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அத்தையிடம் பையைக் கொடுக்காதீர்கள், அவருக்கு இரண்டு கையும் வேண்டும். எலுமிச்சம்பழம் மட்டும் மறக்காமல் உங்கள் வீட்டுக்காரர் பையில் போடுங்கள்.