எல்லாப் பந்தும் ஏழாம் நம்பருக்கே?

கேள்வி: சிட்னியில் வெண்ட்வொர்த்வில்லில் இருக்கிறோம். 14 வயது மகன் உள்ளூர் ரக்பி லீக் அணியில் ஹாஃப்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் ஏழாம் நம்பர். பந்து எப்போதும் அவன் கைக்கே போகிறது. போன வாரம் கையில் அடிபட்டு அவன் வெளியே உட்கார, அணி படுதோல்வி. "என்னாலதான்" என்று அழுகிறான். வேறு இடத்தில் ஆட வைக்கச் சொல்லி கோச்சிடம் கேட்கலாமா?

பதில்: கோச்சிடம் பேசுங்கள், ஆனால் இடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஹாஃப்பேக்கிடம் பந்து வரத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு வேலையே இல்லாமல் போனதுதான் கோளாறு.

பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவதுதான் டேக்கிள்; ஆறாவது டேக்கிளோடு பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தில் அந்த நேரத்தில் எதிரணியைப் பாருங்கள். பந்து வேறெங்கும் போகாது என்று தெரிந்துவிட்டால், உங்கள் பையன் உதைப்பதற்குள் இரண்டு பேர் அவன் மேல் வந்து விழுவார்கள். பந்து அவர்களிடம் இருக்கும்போதும் கவனியுங்கள். கனத்த பையன்களாகப் பார்த்து, வேண்டுமென்றே அவன் நிற்கும் பக்கம் ஓட விடுவார்கள். அவர்களைத் தடுத்துத் தடுத்தே அவனுக்கு மூச்சு வாங்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் தப்பான பாஸ் போடுகிறான் என்றால் பாதிக் காரணம் இதுதான்.

பெரிய அணிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு. 2021-இல் சிட்னியின் மேன்லி அணி முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. காயம் ஆறி அதன் நட்சத்திர ஆட்டக்காரர் டாம் டர்போயெவிச் திரும்பினார். அந்த சீசனில் மட்டும் 28 ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது)! அணி நான்காம் இடம் வரை ஏறியது. ஆனால் இறுதிச்சுற்றின் முதல் வாரத்திலேயே மெல்பர்ன் ஸ்டார்ம் 40-12 என்று நொறுக்கியது.

நேர்மாறான கதை டவுன்ஸ்வில்லின் கவ்பாய்ஸ் அணி. 2015-இல் கூடுதல் நேரத்தில் ஒரு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கிடையே உதைப்பது) அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் ஜொனாதன் தர்ஸ்டன். 2017-இல் தோள்பட்டைக் காயத்தால் பாதி சீசனோடு அவர் வெளியேறினார். இன்னொரு கேப்டன் மேட் ஸ்காட்டுக்கோ அதற்கு முன்பே முழங்கால் போயிருந்தது. எட்டு அணிகள் ஆடும் இறுதிச்சுற்றுக்குள் எட்டாவதாகத் தொற்றிக்கொண்டு வந்த அந்த அணி, குரோனுல்லாவையும் உங்கள் பரமட்டாவையும் ரூஸ்டர்ஸையும் வீழ்த்தி இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. அங்கே ஸ்டார்மிடம் 34-6 தோல்விதான், இருக்கட்டும். தர்ஸ்டன் இல்லாதபோது ஆட்டத்தைக் கையில் எடுத்தவர் மைக்கேல் மார்கன். 2015 இறுதியின் கடைசி நொடியில் கைல் ஃபெல்டுக்கு அந்தப் பாஸைப் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்யக் காரணமாக இருந்தவரும் அவரே. தர்ஸ்டன் பக்கத்தில் நின்ற காலத்திலேயே முடிவெடுத்துப் பழகியவர்.

உங்கள் அணிக்கு ஒரு மார்கன் வேண்டும். பயிற்சியில் கொஞ்ச நேரம் உங்கள் மகனை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்களை ஆட வைக்கச் சொல்லுங்கள். உதைப்பதில் ஒரு பங்கு ஆறாம் நம்பர் பையனுக்குப் போகட்டும். டேக்கிள் முடிந்ததும் பந்தை எடுத்துக் கொடுக்கும் ஹூக்கரும் அதைத் தள்ளிவிடாமல் அவ்வப்போது தானே எடுத்துக்கொண்டு ஓடலாம். தடுப்பாட்டத்தில் மகனுக்குப் பக்கத்தில் நன்றாக டேக்கிள் செய்பவன் ஒருவன் நிற்கட்டும்.

மகனிடம், தான் இல்லாதபோது யார் யார் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அழுகை கொஞ்சம் குறையும். அப்புறம், கோட்டுக்கு வெளியே நின்று "அவன்கிட்ட குடு!" என்று கத்தும் பெற்றோரில் நீங்களும் ஒருவர் என்றால் அதை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். கோச்சிடம் ஆட்ட நாளில் போக வேண்டாம். பயிற்சி முடிந்து கோன்களைப் பொறுக்கி அடுக்கும் நேரத்தில் பிடியுங்கள், காது கொடுத்துக் கேட்பார்.