காசிக்குப் போகும்போது கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, கணவருக்கு 64. பாலக்கோடு பக்கம் குடியிருக்கிறோம். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு சேலத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு கொழுப்புக்கு ஒரு கேப்ஸ்யூல் போடுகிறார். எனக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10. பி.பி. மாத்திரை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். பங்குனி கடைசியில் ஒரு குழுவோடு காசி, கயா, பிரயாகை, ராமேஸ்வரம் என்று பதினாறு நாள் யாத்திரை போகிறோம். ஜோலார்பேட்டையில் ரயில். "கோயில் சாப்பாடுதானே, கொழுப்பு எங்கே ஏறப்போகுது? பதினாறு நாள் நிறுத்துங்க" என்கிறார் கொழுந்தனார். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடலாமா? வெயிலில் மாத்திரை கெட்டுவிடுமா? கால் வலிக்கு என்ன போடுவது?
- பாலக்கோடு வாசகி

பதில்:

அம்மா, நிறுத்தாதீர்கள். நீங்கள் நிறுத்தினால் அது தவறு. உங்கள் வீட்டுக்காரர் நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து. இரண்டும் ஏன் ஒன்றில்லை என்பது அவருடைய கேப்ஸ்யூல் அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படித்தால் தெரியும்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்னும் கம்பிவலை வைத்தவருக்கு ராத்திரி ஒரே கேப்ஸ்யூல் என்று எழுதியிருந்தால் அதற்குள் பெரும்பாலும் மூன்று மருந்து இருக்கும். ரோசுவாஸ்டாட்டின் அல்லது அட்டோர்வாஸ்டாட்டின் ஒன்று. ஆஸ்பிரின் 75 மி.கி.; குளோபிடோக்ரெல் 75 மி.கி. முதலாவதுதான் கொழுப்புக்கு. மற்ற இரண்டும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைக்காமல் இருப்பதற்கு. அந்தக் கம்பிவலை மேல் ரத்தக்குழாயின் உள்தோல் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகும் பயம் உண்டு. அப்படி அடைத்தால் வருவது மாரடைப்பு. அவருக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. அட்டையில் இந்த மூன்று பெயரும் இல்லாவிட்டால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தனி மாத்திரையாக வேறு வேளையில் இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். கிளம்பும் முன் இது தெரிந்தே ஆக வேண்டும்.

இனி கொழுந்தனார் சொன்ன கணக்கு. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்டிராலில் பெரும்பகுதி சாப்பாட்டில் வருவதில்லை, கல்லீரலே தயாரிக்கிறது. விரதம் இருந்தாலும் தயாரிக்கும். ஸ்டாட்டின் வகை மாத்திரை அந்தத் தயாரிப்பைத்தான் குறைக்கிறது. நிறுத்தினால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கே ஏறிவிடும். பதினாறு நாள் என்பது அதில் பாதிக்கும் மேல். தவிர, காசியில் காலையில் கிடைப்பது கச்சோரியும் ஜிலேபியும். அது நம் ஊர் கோயில் அன்னதானம் இல்லை.

ஒருவேளை மறந்துபோவது வேறு விஷயம், அதற்குப் பதற வேண்டாம். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் மருந்துகள். போட வேண்டிய நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளையை வழக்கம்போல் போடுங்கள். ராத்திரி ஒன்பது மணி மாத்திரை காலை ஏழு மணிக்கு ஞாபகம் வந்தால் டிபன் முடித்துப் போடலாம், அன்று ராத்திரி ஒன்பதுக்கு வழக்கமானது. காலை பதினொன்றுக்கு ஞாபகம் வந்தால் ராத்திரி வரை காத்திருங்கள். எந்த நிலையிலும் இரண்டாகப் போடக் கூடாது. அவருடைய கேப்ஸ்யூலில் இரண்டு போட்டால் ரத்தத்தை உறையவிடாத மருந்தும் இரட்டிப்பாகும். அவருக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் விட்டுப்போனால் சேலம் டாக்டருக்குப் போன் செய்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி: உங்கள் அட்டோர்வாஸ்டாட்டினை வெறும் வயிற்றிலும் போடலாம், எந்த நேரத்திலும் போடலாம். ரயிலில் எட்டு மணிக்கே விளக்கை அணைத்தால் ஏழரைக்கே போட்டுவிடுங்கள். அவருடையதில் ஆஸ்பிரின் இருப்பதால் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், இரண்டு இட்லியாவது. கயாவில் பிண்டம் வைக்கும் அன்று பகலெல்லாம் விரதம் இருந்தாலும் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத்தான் கேப்ஸ்யூல். விழுங்கச் சிரமம் என்று அதைப் பிரித்துத் தூளாக்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க உள்ளே இருக்கும் ஆஸ்பிரினுக்குத் தனி மேல்பூச்சு போட்டிருப்பார்கள்.

போன் அலாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். காசி விசுவநாதர் கோயிலுக்குள் போனும் பையும் விடமாட்டார்கள், வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லவும் முடியாது. ராத்திரிச் சாப்பாட்டோடு மாத்திரையைச் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எத்தனை மாத்திரை எடுத்துப்போவது? பதினாறு நாளுக்குப் பதினாறு என்று எண்ணாதீர்கள். ரயில் தாமதம், மழை, உடம்புக்கு முடியாமல் தங்குவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 23 வையுங்கள். அதை இரண்டாகப் பிரித்துப் பாதியை அவர் தோள்பையிலும் பாதியை உங்கள் பையிலும் போடுங்கள். சீட்டுக்கு அடியில் தள்ளும் பெட்டியில் ஒன்றும் வேண்டாம். உங்கள் பி.பி. மாத்திரையையும் இதே கணக்கில் எண்ணிப் பாருங்கள். அதை வீட்டுக்கே கொண்டுவரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வரும் அந்த ஊழியரிடம் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை ஊரில் இருக்கமாட்டோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கிளம்புவதற்கு முதல்நாள் கேட்டால் கிடைக்காது.

அட்டையை வெட்டும்போது கவனம். மருந்துப் பெயரும் காலாவதித் தேதியும் பல அட்டைகளில் ஒரு ஓரத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். கத்தரிக்கோலால் நடுவில் வெட்டினால் ஒரு பாதி பெயரே இல்லாத வெள்ளித் துண்டாகிவிடும். அவசரத்தில் எந்த டாக்டராலும் அது என்னவென்று சொல்ல முடியாது. எழுத்து இருக்கும் ஓரத்தைக் கடைசிவரை விட்டுவைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்து வாருங்கள். இரண்டு பைக்குப் பிரிக்கும்போதும் முழு அட்டையாகவே பிரியுங்கள், ஒன்றிரண்டு கூடினால் பரவாயில்லை. எல்லாவற்றையும் உரித்து ஒரே டப்பாவில் கொட்டுவதும் வேண்டாம். ஆஸ்பிரினுக்கு ஈரம் ஆகாது. ஈரம் பட்டால் சிதைந்து வினிகர் வாசம் அடிக்கும். அந்த வாசம் வந்தாலோ, கேப்ஸ்யூல் பிசுபிசுவென்று ஒட்டினாலோ, அதைப் போடாமல் தூக்கிப் போடுங்கள்.

வெயில் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாத்திரைகளை 25, 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள். காசியில் ஏப்ரலில் 40 டிகிரி சாதாரணம். நிழலில், உங்கள் பைக்குள் இருந்தால் அந்தச் சில நாளில் ஒன்றும் ஆகாது. கெடுப்பது பூட்டி வெயிலில் நிறுத்திய பஸ். தரிசனத்துக்கு இறங்கும்போது பையை பஸ்ஸிலேயே விட்டால் உள்ளே வெளிவெயிலைவிட அதிகமாகக் கொதிக்கும். அந்த நேரத்தில் மருந்துப் பையை விடுதி அறையில் வைத்துவிட்டுப் போவது நல்லது. ஐஸ் பெட்டி தேவையில்லை, அதன் ஈரம்தான் கெடுதல்.

தொலைந்தே போனால் அங்கேயும் வாங்கலாம். மக்கள் மருந்தகம் வடநாட்டிலும் ஊருக்கு ஊர் உண்டு, அங்கே ஜன் ஔஷதி என்று கேட்க வேண்டும். கம்பெனிப் பெயர் அங்கே தெரியாமல் போகலாம் என்பதால் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள், பழைய அட்டையையும் காட்டுங்கள். ரோசுவாஸ்டாட்டின் இல்லை, அட்டோர்வாஸ்டாட்டின் அதே அளவில் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். ரோசுவாஸ்டாட்டின் 10-க்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10 சமமில்லை, அதன் வீரியம் குறைவு.

யாத்திரையில் நான் மிகவும் பயப்படுவது இந்த மாத்திரைகளை நினைத்து இல்லை. கூட வருபவர்கள் அன்பாக எடுத்து நீட்டும் மாத்திரைகளை நினைத்துத்தான். கால் வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் உங்கள் வீட்டுக்காரருக்கு ஆகாது. ஆஸ்பிரினோடும் குளோபிடோக்ரெலோடும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். பாராசிட்டமால் 500 போதும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வேண்டாம், குளோபிடோக்ரெலின் வேலையை அது குறைக்கும். பான்டோபிரசோலில் அந்தத் தொல்லை குறைவு. ஜெலுசில் மாதிரி டானிக் குடித்தால் கேப்ஸ்யூலுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சளிக்கு கிளாரித்ரோமைசின் கொடுத்தால் அட்டோர்வாஸ்டாட்டின் போடுகிறேன் என்று நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கும்.

படிக்கட்டு ஏறி இறங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது நடந்த வலி, ஓரிரு நாளில் போய்விடும். இரண்டு தொடையும் தோளும் சேர்ந்து வலித்து, குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது மாத்திரையால் தசை சிதைவதாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் தார் மாதிரி கறுத்தாலும் அப்படியே. அவர் மொட்டை போடுவதாக இருந்தால் நாவிதரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கீறல் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நெஞ்சு வலியை வாயு என்று தள்ளாதீர்கள். எந்த மாநிலத்திலும் 112-ஐ அழைக்கலாம். ஸ்டென்ட் வைத்த தேதி எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு சேலத்தில் ஒருமுறை காட்டுங்கள். இந்த வெயிலும் நடையும் அவருக்குத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள். வாந்தி, பேதி கடுமையானால் உடம்பில் நீர் வற்றி, ஸ்டாட்டினால் தசையும் சிறுநீரகமும் பாதிக்கும் வாய்ப்பு கூடும். அப்போது ஸ்டாட்டினை மட்டும் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வதுண்டு. ஆனால் மூன்றும் ஒரே கேப்ஸ்யூலில் இருக்கும்போது ஒன்றை மட்டும் எப்படி நிறுத்துவது? அந்த நாட்களுக்கென்று ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தனியாக நாலு நாளைக்கு எழுதித் தருவாரா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.