ஜப்பானில் பாசம் இல்லையா என்று கேட்ட தங்கைக்கு

தங்கச்சி, ஒசாகாவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். காப்பக வாசலில் எந்த அம்மாவும் பிள்ளைக்கு முத்தம் கொடுப்பதில்லை, புருஷனும் பெண்டாட்டியும் தள்ளித் தள்ளி நடக்கிறார்கள், இவர்களுக்குப் பாசமே கிடையாதா, என் நான்கு வயது மகளும் இப்படித்தான் வளர்வாளா என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. 16 வருடங்களுக்கு முன்பு தோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் குடியேறியபோது எனக்கும் அதே பயம்தான்.

நீங்கள் பார்த்தது வாசலை மட்டும்தான். வீட்டுக்குள் வேறு. அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை என்று சேர்ந்து படுப்பது இங்கே ரொம்ப சாதாரணம். அதற்கு 'கவா நோ ஜி' என்று ஒரு பெயரே உண்டு. நதி என்பதற்கான ஜப்பானிய எழுத்து மூன்று நெடுக்குக் கோடுகள். அந்த வடிவில் படுக்கிறார்களாம். குளியல் தொட்டியிலும் அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகத்தான் இறங்குவார்கள். நம் ஊரில் பாய் விரித்துப் படுத்த ஞாபகம் எனக்கு இந்த ஊரில்தான் திரும்ப வந்தது.

சரி, பேச்சுக்கு வருவோம். 'ஐஷிதேரு' என்றால் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று ஜப்பானிய மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை யாரும் அன்றாடம் சொல்வதில்லை, அவ்வளவு கனமான சொல். காதலைச் சொல்லும்போதுகூட 'சுகி', அதாவது பிடிக்கும். மீன் குழம்புக்கும் அதே சொல்தான். நாமும் 'உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு' என்றுதானே சொல்கிறோம்? பிள்ளைகளிடம் 'தைசுகி' என்பார்கள், ரொம்பப் பிடிக்கும். உங்கள் மகள் ஒருநாள் அதை உங்களிடம் சொல்லுவாள், பாருங்கள்.

வாய்விட்டுச் சொல்லாத குறை அவர்களுக்கும் தெரியும். குன்மா மாநிலத்தில் சுமகோய் என்று ஒரு கிராமம், முட்டைக்கோசுக்குப் பேர்போனது. மனைவிக்காக ஏங்குவது என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 2006-ல் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். கணவர்கள் கோஸ் தோட்டத்தில் நின்று, மனைவி மேல் உள்ள அன்பைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டும். முதல்முறை அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு இதையெல்லாம் புரியவைத்தது பக்கத்து வீட்டுப் பாட்டிதான். தாத்தா நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால் இவர் வாசலில் நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். தாத்தா எப்போதாவது 'ஐஷிதேரு' சொன்னாரா என்று ஒருமுறை கேட்டேன். வெட்கப்பட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டார். தாத்தா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றும் வடித்த சோற்றில் முதல் கிண்ணம் வீட்டுப் பூஜை மாடத்தில் அவர் படத்துக்குத்தான் போகிறது. அப்புறம்தான் பாட்டி சாப்பிடுவார்.

தாத்தா கிளம்பும்போது சொன்னது 'இத்தே கிமாஸ்'. இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போயிட்டு வரேன்! அதற்குப் பாட்டி 'இத்தேரஷ்ஷாய்' என்பார், போயிட்டு வாங்க. நம் வீடுகளில் வெறுமனே 'போறேன்' என்று சொன்னால் அம்மா எப்படிப் பதறுவாள்! அந்தப் பதற்றம்தான் இந்த இரண்டு சொற்களிலும் இருக்கிறது.

அதனால் நாளைக் காலை காப்பகத்தில் மகளை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது நீங்களும் 'இத்தே கிமாஸ்' சொல்லுங்கள். டீச்சரோடு சேர்ந்து அவளும் பதில் சொல்வாள். முத்தமும் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் என் மகனுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், வேண்டாம்மா என்று அவனே சொல்லும்வரை.