ஃபிரிட்ஜ், நாய், அம்மா

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பூண்டு வியாபாரம், வீட்டில் அவரும் அம்மாவும். அம்மா பகலில் பூண்டு தரம் பிரிப்பார், மகன் ராத்திரியில் கீபோர்டில் மெட்டுப் போட்டு, தானே பாடிப் பதிவு செய்வார். இப்படி வீட்டிலேயே பாட்டுக் கட்டுகிற 19 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். தேனியில் ஒரு கண்டக்டர், திண்டுக்கல்லில் ஒரு லேத் பட்டறைக்காரர், இந்த மாதிரி. இசையை வைத்துப் பிழைப்பவர் யாருமில்லை. "இதுவரை 11 பாட்டு அனுப்பிவிட்டேன். நாலு நிமிஷப் பாட்டுக்குப் பத்து விநாடியில் கட்டைவிரல் வந்துவிடுகிறது. ஒருத்தரும் முழுசாகக் கேட்பதில்லை. குழுவை விட்டு விலகிவிடலாமா?" என்பது கேள்வி.

தம்பி, விலகுவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம். இந்தக் கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. கவிதை எழுதுகிறவர், கோலம் போடுகிறவர் என்று ஆள்தான் மாறும். மற்றவர்கள் பாட்டை "மூட்டை ஏற்றும்போது கொஞ்சம் ஓடவிடுவேன்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன குறை? டூட்டி முடிந்து வந்து அந்தக் கண்டக்டர் பாடி அனுப்பியதை, ஒரு தடவை இயர்போன் மாட்டி உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாவது சரணத்தில் தபேலா நிற்கிற இடம் நன்றாக இருந்தது, கடைசி வரியில் சுருதி இறங்கிவிட்டது என்று எழுதுங்கள். 'அருமை' வேண்டாம், அது கட்டைவிரலுக்கு அண்ணன். இரண்டு பேருக்கு இப்படி எழுதினால் ஒருவராவது திருப்பி எழுதுவார்.

கேள்விக்குப் பதில் முடிந்தது. நான் நின்றுபோனது இரண்டாம் பக்கத்தில். பதிவுக்கு முன்னால் செய்கிற ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டு வருகிறீர்கள்: "ஃபிரிட்ஜை அணைத்துவிடுவேன், நாயைப் பின்பக்கம் கட்டிவிடுவேன், அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். புது மைக் வந்ததிலிருந்து அவங்க இருமல் ரொம்பத் தெளிவாக விழுகிறது."

புது மைக் வாங்கியது ஆடியில் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. கடிதம் வந்திருப்பது கார்த்திகையில். நாலு மாதமாக ஒரு மனுஷி இருமிக்கொண்டிருக்கிறார். என்ன மருந்து, எந்த டாக்டர் என்று நாலு பக்கத்தில் ஒரு வரி இல்லை. அந்தச் சத்தத்தை எப்படி வெட்டி எடுப்பது என்பதற்கு மட்டும் ஆறு வரி!

கார்த்திகை மாதம், மலையில், ராத்திரி ஒன்பது மணி. ஒரு பாட்டை இருபது தடவை பாடிப் பார்ப்பேன் என்கிறீர்கள். அப்படியானால் பதினோரு மணி வரைக்கும் அவர் அடுத்தவர் அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்களும் படுக்க வேண்டாமா? இருமினால் அவர்களுக்குத் தொந்தரவு, எழுந்து வந்தால் உங்களுக்குத் தொந்தரவு. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் ஊருக்கே பெருமைதான். அதைத் தரம் பிரிக்கிறவரின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று பெற்ற மகனே பார்க்கவில்லை.

கோடை பண்பலை 100.5-ல் என் பெயரை வாசிப்பார்களா என்று ரேடியோவில் காதை வைத்துக் கிடந்தவள்தான் நானும். கேட்க ஆள் வேண்டும் என்கிற ஆசை எனக்குத் தெரியும். ஆனாலும் இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. பெற்றவள் இருமுகிற சத்தம் பாட்டுக்கு இடைஞ்சல் என்றால் நிற்க வேண்டியது பாட்டு. பழைய காலத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கிழவிக்குத் திட்டத்தான் தெரியும் என்பீர்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, பதிவு அளவைக் குறைத்துக்கொண்டால் வீட்டுச் சத்தம் நன்றாக அடங்கும். தள்ளி வைத்தால்தான் எல்லாவற்றையும் அள்ளும். ஜன்னலுக்கும் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கும் கம்பளியைத் தொங்கவிடுங்கள். உங்கள் ஊரில் கம்பளிக்கா பஞ்சம்? ராத்திரிதான் பாட வேண்டும் என்று சட்டமும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். காச நோயா என்று பார்க்கிற அந்தப் பரிசோதனைக்கும், அதுதான் என்றால் கொடுக்கிற மாத்திரைகளுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பூண்டுத் தூசு, விறகடுப்புப் புகை, ஆஸ்துமா, எதுவாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை, நீங்களும் இல்லை.

வருகிற திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அம்மாவைக் கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தனியாக அனுப்பிவிடாதீர்கள், அனுப்புவது உங்களுக்குக் கைவந்த கலை. கூடவே வரிசையில் நில்லுங்கள். எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்பார். "ரெண்டு நாளாத்தாங்க" என்பார் அம்மா. அப்போது நீங்கள் வாயைத் திறந்து, ஆடியிலிருந்து என்று சொல்ல வேண்டும். டாக்டர் நம்பாவிட்டால், கெட்டுப்போனது என்று ஒதுக்கிவைத்த பதிவுகள் போனில் இருக்குமே, அதில் ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.