இருமல் சிரப்பும் ஊக்கமருந்துச் சோதனையும்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, 400 மீட்டர் ஓடுகிறாள். அடுத்த வாரம் மாநில ஜூனியர் போட்டி இருக்கிறது. சளி, இருமல் என்றதால் எங்கள் ஊர் மருந்துக்கடையில் ‘செட்’ மாத்திரையும் ஒரு சிரப்பும் வாங்கி இரண்டு நாள் கொடுத்துவிட்டேன். ‘டோப் டெஸ்டில் மாட்டிக்கொள்வாள்’ என்று அவளுடைய பயிற்சியாளர் பயமுறுத்துகிறார். சாதாரணச் சளி மருந்தில் அப்படி என்ன இருக்கிறது?
(ஒரு தாய், தென்காசி மாவட்டம்)

பதில்: சிரப்பை இன்றே நிறுத்துங்கள், ஆனால் புட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்துகளின் பட்டியலைப் படியுங்கள். டெர்புடலின், சால்பியூட்டமால், லெவோசால்பியூட்டமால் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியாளரின் பயம் நியாயமானதே. மூச்சுக்குழாயை விரிக்கும் இம்மருந்துகள் நம் நாட்டு இருமல் சிரப்புகள் பலவற்றில் சேர்க்கப்படுகின்றன; சிரப்பாகவோ மாத்திரையாகவோ உட்கொண்டால் போட்டி நாளில் மட்டுமல்ல, பயிற்சிக் காலத்திலும் இவை தடைக்குரியவை. டெர்புடலினால்தான் கிரிக்கெட் வீரர் யூசுப் பதானுக்கு 5 மாதமும், 2019-இல் பிருத்வி ஷாவுக்கு 8 மாதமும் தடை விதிக்கப்பட்டது. இருவருமே இருமல் சிரப்பு குடித்ததாகத்தான் சொன்னார்கள். அதை ஏற்றுக்கொண்ட பிறகும் தண்டனை தண்டனையாகவே நின்றது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளின் இன்ஹேலரைப் பெற்றோர் பிடுங்கி வைத்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே சால்பியூட்டமாலை இன்ஹேலர் வழியாக இழுத்தால், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமையும், 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராமையும் தாண்டாதவரை, அனுமதி உண்டு. ஓர் இழுப்புக்கு 100 மைக்ரோகிராம் தரும் இன்ஹேலர் என்றால் 8 மணி நேரத்தில் 6 இழுப்பு. டெர்புடலினுக்கு இந்தச் சலுகை இல்லை. இன்ஹேலராக இருந்தாலும் முன் அனுமதி வேண்டும். உங்கள் மகளுக்கு வீசிங் இருந்தால் இன்ஹேலரை நிறுத்தவே வேண்டாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த ‘செட்’ மாத்திரை. அட்டையிலிருந்து கத்தரித்து, பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படும் அந்த நான்கைந்து மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்று இருப்பது மிகச் சாதாரணம். மறுநாளே உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம். வாயால் உட்கொள்ளும் இந்த ஸ்டீராய்டுகள் போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டவை. குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ஊசியாகப் போட்டிருந்தால், மருந்தைப் பொறுத்து, 5 நாள் முதல் 60 நாள் வரை இடைவெளி தேவைப்படும். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரினையும் போட்டிக்கு முந்தைய 24 மணி நேரத்தில் தரக்கூடாது. பாரசிட்டமால், செட்டிரிசின், ஆவி பிடித்தல் ஆகியவற்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. சோர்வாக இருக்கிறாள் என்று கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிவிடாதீர்கள். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே, உள்ளே வெறும் உப்புநீர் இருந்தாலும், விதிமீறலாகும்.

இந்தச் சமயம் பார்த்து, ‘சிறுநீரைச் சுத்தம் செய்து தருகிறேன்’ என்று மைதானத்தைச் சுற்றி வருகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அவர்கள் கொடுப்பது பெரும்பாலும் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, அதாவது ஃபுரோசமைடு போன்றவை; அவையே தடைப்பட்டியலில் உள்ளவை. அறியாமல் குடித்த சிரப்புக்கு விளக்கம் சொல்ல இடமிருக்கிறது. மறைப்பதற்காக விழுங்கிய மாத்திரைக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? உடற்பயிற்சிக் கூடத்தில் புரதப்பொடி விற்று, ‘எல்லாம் டெஸ்ட் செய்தது’ என்று சத்தியம் செய்பவரும் இதே வகைதான்.

ஒரு தாய் பூதக்கண்ணாடி வைத்து ஆங்கிலத்தில் மருந்துப் பெயர்களைத் தேட வேண்டிய நிலை எனக்குக் கோபத்தையே தருகிறது. ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளின் அட்டையில் அதைத் தெரிவிக்கும் குறியீடு இருக்க வேண்டும் என்று இத்தாலி 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. இங்கே 2022-இல் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும், மருந்துக்கடைக்காரருக்கு எது எதில் இருக்கிறது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தண்டனை மட்டும் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது.

இன்று மாலையே அந்தக் கடைக்குச் சென்று, கொடுத்த ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதி வாங்குங்கள். சிரப்பில் நான் சொன்ன மூன்றில் ஒன்று இருந்தால், புட்டியுடன் விளையாட்டு மருத்துவர் ஒருவரைப் பார்த்த பிறகே போட்டியைப் பற்றி முடிவெடுங்கள். இத்தனை நாளில் உடலைவிட்டுப் போய்விடும் என்று நாள் குறித்து உறுதி தருபவரை நம்ப வேண்டாம். சோதனைக்கு அழைத்தால், கடந்த 7 நாட்களில் சாப்பிட்ட அனைத்தையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதுவதால் மட்டும் மன்னிப்பு கிடைக்காது; ஆனால் எழுதாமல் விட்டதை, பின்னர் எந்த ரசீதைக் காட்டினாலும் நம்ப வைப்பது மிகக் கடினம்.