செல் இழுத்துப் பார்க்கிறது

கேள்வி: ஸ்டெம் செல் (பல வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) எலும்பாவதா தசையாவதா என்பதை, அது ஒட்டியிருக்கும் பரப்பின் மென்மைகூட மாற்றும் என்று படித்தேன். கண்ணில்லாத செல்லுக்குக் கீழே இருப்பது கல்லா, பஞ்சா என்று எப்படித் தெரியும்?

பதில்: இழுத்துப் பார்த்துத்தான். இருட்டில் ஒரு கயிறு கையில் சிக்கினால், அடுத்த முனை கட்டியிருக்கிறதா என்று சுண்டிப் பார்ப்போமே, அதே வேலை. செல்லுக்குள் ஓடும் ஆக்டின் இழைகளை மயோசின் புரதம் இழுக்கிறது. இழை நுனிகள் செல்லின் உறையில் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதத்தின் வழியாக வெளிப்பரப்பைப் பற்றியிருக்கின்றன. பரப்பு மெத்தென்றிருந்தால் இழுத்த பக்கம் வந்துவிடும். செல் உருண்டு கிடக்கும். கெட்டியாக இருந்தால் அசையாது. செல் விரியும், இழைகள் விறைக்கும். அந்த விறைப்பில் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய் மரபணுக்களைத் தூண்டுகிறது.

2006இல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். ஊட்டத் திரவம் ஒன்றே. ஜெல்லின் கெட்டித்தன்மை மட்டும் வேறு. கெட்டித்தன்மையை அளக்கும் அலகான கிலோபாஸ்கலில் சொன்னால், 1க்குள் நரம்புச் செல்லின் சாயல், 10ஐ ஒட்டித் தசைச் சாயல், 30ஐ ஒட்டி எலும்புச் சாயல். (சாயல் என்றுதான் சொல்கிறேன். நரம்பாகவே ஆகிவிட்டது என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!) மயோசினை மருந்தால் முடக்கியதும் இந்த வித்தியாசமே காணாமல் போனது. இழுக்க முடியாத செல்லுக்கு எல்லாப் பரப்பும் ஒன்றுதான்.

ஆய்வகத்தில் நானும் இந்த ஜெல்லை ஊற்றியிருக்கிறேன். மெலிந்தவை இடுக்கி பட்டதுமே கிழியும். ஆனால் என்னை உறுத்தியது ஜெல் அல்ல, அதற்கு முன் வருடக்கணக்காகக் கைப்பழக்கமாகிவிட்ட பிளாஸ்டிக் தட்டு. தசையைவிட அது லட்சம் மடங்குக்கு மேல் கெட்டி. அதில் வளர்ந்த செல் நடந்துகொண்டதை எல்லாம் அதன் இயல்பு என்றே குறித்து வைத்திருந்தோம். 2010இல் ஹெலன் ப்ளா குழுவினர் எலியின் தசை ஸ்டெம் செல்களை 12 கிலோபாஸ்கல் ஜெல்லில் வளர்த்து எலிகளுக்குள் திரும்பச் செலுத்தியபோது, அவை தசையைச் செப்பனிட்டன. பிளாஸ்டிக்கில் வளர்ந்தவை அந்தத் திறனைப் பெரும்பாலும் இழந்திருந்தன.

கேள்வி: கெட்டியில் வளர்ந்ததை மென்பரப்புக்கு மாற்றினால் சரியாகிவிடாதா?

பதில்: சில நாள் மட்டும் இருந்தது என்றால் ஆகும். 2014இல் வந்த ஓர் ஆய்வில், 10 நாள் பிளாஸ்டிக்கில் கிடந்த செல்களை மெத்தென்ற ஜெல்லுக்கு மாற்றிய பிறகும் யாப் உட்கருவை விட்டு வெளியே வரவில்லை.