“கம்ப்யூட்டர்தானே போடுது அண்ணி?”

கேள்வி: எனக்கு 46 வயது, செம்பூரில் இருக்கிறேன், வாஷியில் கணக்குப் பிரிவில் வேலை. எட்டு மாதமாகத் தினமும் ராத்திரி, சமையலறை வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு ஃபிராக்டல் படம் (பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே அதே மாதிரி வடிவங்கள் வந்துகொண்டே இருக்கும் கணக்குப் படம்) செய்கிறேன். ‘எக்ஸ்’ போட்டு எழுதும் அந்த இலவச ‘கேயாஸ்’ மென்பொருள்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து காலையில் குடும்பக் குரூப், காலேஜ் குரூப், எங்கள் பில்டிங் சொசைட்டி குரூப் மூன்றிலும் போடுவேன். 240 படம் தாண்டிவிட்டது. இப்போது யாரும் ஒரு கட்டைவிரல்கூடக் காட்டுவதில்லை. போன வாரம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தவர், “கம்ப்யூட்டர்தானே போடுது அண்ணி, நீங்க என்ன பண்றீங்க?” என்று சிரித்தார். அன்றையிலிருந்து லேப்டாப்பைத் திறக்கவே மனசில்லை. நிறுத்திவிடட்டுமா? (117ஆவது படத்தை மட்டும் தென்காசியில் இருக்கும் அம்மா இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார்.)

பதில்: படம் செய்வதை நிறுத்தாதீர்கள், மூன்று குரூப்பில் போடுவதை நிறுத்துங்கள். எட்டு மாதத்தில் இரண்டும் ஒரே காரியம் மாதிரி ஆகிவிட்டது, அதுதான் சிக்கல்.

முதலில் கொழுந்தன் விஷயம். அவர் சொன்னதில் பாதி சரி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இந்தப் படங்களின் அடியில் இருக்கும் கணக்கு ஒரே வரிதான். ஒரு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும், பூஜ்ஜியத்தில் தொடங்கி, கையில் இருப்பதை வர்க்கப்படுத்தி அந்த எண்ணைக் கூட்ட வேண்டும், வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்தி மறுபடி அதே எண்ணைக் கூட்ட வேண்டும், இப்படியே போக வேண்டியதுதான். எடுத்த எண் 1 என்றால் 1, 2, 5, 26, 677 என்று தெருவைத் தாண்டி ஓடிவிடும். மைனஸ் 1 என்றால் -1, 0, -1, 0 என்று வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஒரு கலப்பெண்ணாக (இரண்டு பகுதிகள் சேர்ந்த ஒரே எண்) வைத்து இதையே செய்தால், சில புள்ளிகள் ஓடும், சில ஓடாது. மையத்திலிருந்து 2க்கு மேல் தள்ளிப் போய்விட்டால் அது திரும்பி வராது என்று நிரூபித்திருக்கிறார்கள், அதனால் ஓடாததற்குக் கறுப்பு, ஓடியதற்கு எத்தனையாவது சுற்றில் ஓடியது என்று பார்த்து ஒரு நிறம். மாண்டல்பிராட் கணம் (ஓடாத புள்ளிகளின் தொகுப்பு) இவ்வளவுதான். இதைச் சில லட்சம் புள்ளிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான சுற்று போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? இந்த வகைக் கணக்கில் பெரிய கட்டுரை எழுதிய பிரெஞ்சுக்காரர் காஸ்டன் ஜூலியா 1918லேயே எழுதிவிட்டார், ஆனால் நீங்கள் பார்ப்பதுபோல அவர் பார்த்திருக்க முடியாது, போட்டுக் காட்ட மெஷின் இல்லை. 1975இல் ‘ஃபிராக்டல்’ என்று பெயர் வைத்த மாண்டல்பிராட், 1980இல் ஐபிஎம்மின் கம்ப்யூட்டர்களை வைத்துத்தான் இதைப் பார்த்தார். அப்போதைய மங்கலான பிரின்டில், சுற்றிலும் சின்னச் சின்னத் தீவுகள் தனித்தனியாக மிதப்பதாகத்தான் அவருக்கே தோன்றியது. 1982இல் துவாடி, ஹப்பர்ட் என்ற இருவர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை என்று நிரூபித்தார்கள். ஆக, கணக்குப் போடுவது கம்ப்யூட்டர்தான், அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காஞ்சிபுரத்தில் ஜக்கார்ட் அட்டை (டிசைனைத் துளைகளாகக் குத்திய அட்டை) மாட்டிய தறியைக் காட்டி “தறிதானே நெய்யுது” என்று கொழுந்தன் சொல்வாரா?

மீதிப் பாதியை நான் உங்களைக் கேட்கிறேன். அந்த மென்பொருளில் ஆட்டோபைலட் என்று ஒன்று உண்டு, போட்டுவிட்டால் அதுவே உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும், வண்ணத்தையும் ஒரு விசையைத் தட்டிக் கலைத்துப் போடலாம். நடுவில் அழகாகத் தெரிந்தபோது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘இன்றைய படம்’ என்று போட்டீர்களானால் கொழுந்தன் கட்சிதான் ஜெயித்தது. 240இல் சில ராத்திரிகள் அப்படி நடந்திருக்கும், தினமும் ஒன்று போட்டே ஆகவேண்டும் என்றால் நடக்காமல் இருக்காது. நானும் செய்திருக்கிறேன்! ஆனால் கடல்குதிரைப் பள்ளத்தாக்கில் இறங்கி (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மாண்டல்பிராட் கணத்தின் நடுவில் தெரியும் கறுப்பு இதய வடிவத்துக்கும் அதன் தலைபோல ஒட்டியிருக்கும் வட்டத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு, வரிசையாகக் கடல்குதிரை வால்கள் மாதிரி சுருள் சுருளாக இருக்கும்), ஒரு சுருளை விட்டு இன்னொன்றுக்குப் போய், அது சட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அரைமணி நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்து, சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, கறுப்புத் திட்டாகத் தெரிந்த இடத்துக்குள் இன்னும் ஒரு மெல்லிய கொடி ஓடுவதைக் கண்டுபிடித்து, பச்சை அதிகமாகிவிட்டது என்று குறைத்து, ஒன்பது படத்தைத் தூக்கிப்போட்டுப் பத்தாவதை வைத்துக்கொண்டால், அந்தப் பத்தாவது படம் உங்களுடையது. கம்ப்யூட்டருக்கு எந்த இடமும் ஒன்றுதான். இங்கே நிற்கலாம் என்று அதற்குத் தோன்றாது.

தினமும் செய்வது நல்லதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தினமும் திறங்கள், தினமும் முடிக்காதீர்கள். ஒரே இடத்தை நான்கு ராத்திரி வைத்திருந்தால் என்ன? வாசல் கோலத்தைத் தினமும் போட்டே ஆகவேண்டும், அது வேறு கதை. (நம் மும்பை ஃபிளாட்டில் பாதிப் பேர் ஸ்டிக்கர் கோலத்தை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.) கோலம் என்றதும் ஞாபகம் வருகிறது, கிருஷ்ணர் சலங்கைக் கோலம் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், ஒரு சின்ன வடிவத்தை ஒரே விதிப்படி திரும்பத் திரும்ப வளர்த்துக்கொண்டே போகும் வகை. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து கோலங்களின் இலக்கணத்தைக் கம்ப்யூட்டர் கணிதமாக எழுதி 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். ‘ஃபிராக்டல்’ என்ற பெயர் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்! அதனால் அடுத்த தடவை கொழுந்தன் சிரித்தால் மைனஸ் 1 கணக்கையும் சொல்லுங்கள், இதையும் சொல்லுங்கள். அப்புறம் லேப்டாப்பைக் கையில் கொடுத்து ஒரு படம் போடச் சொல்லுங்கள், பத்தே நிமிஷத்தில் வெறும் கறுப்புக்குள் போய் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

இப்போது குரூப். சொசைட்டி குரூப்பில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், யார் வண்டி யார் இடத்தில் நிற்கிறது என்று சண்டை நடக்கும், அதன் நடுவில் உங்கள் சுருள் வந்தால் அதைக் குட்மார்னிங் ரோஜாப்பூ கணக்கில் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், 240 நாள் 240 பூ. அதுவும் வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும், உங்கள் படத்தின் உயிரே அந்த மயிரிழைக் கோடுகளில்தான், சுருக்கும்போது முதலில் கலங்குவது அதுதான். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, கேட்கிற நாலைந்து பேருக்கு மட்டும். கூட இரண்டு வரி எழுதுங்கள், எங்கே பிடித்தீர்கள், எதைத் தூக்கிப்போட்டீர்கள் என்று. ‘அருமை’ என்பதைத் தவிர என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் பேசாமல் இருக்கிறார்கள், பிடித்துக்கொள்ள ஒரு நுனி கொடுத்தால் பேசுவார்கள்.

மனசில்லாத நாட்களில் லேப்டாப் வேண்டாம். செம்பூரிலிருந்து வாஷிக்குத்தானே போகிறீர்கள், மான்குர்ட் தாண்டி ரயில் பாலத்தில் ஏறும்போது போனை உள்ளே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். நீர் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால், தாணே கழிமுகத்துச் சேற்றில் ஓடைகள் கிளை பிரிந்து, கிளைக்குள் கிளை பிரிந்து, விரல் அளவு வரை போவது தெரியும். நான் பார்த்த நல்ல ஃபிராக்டல்களில் சில அங்கேதான் இருக்கின்றன, டிக்கெட்டுக்குள் அடக்கம்.

அப்புறம் 117. நீங்கள் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். இன்னொரு தடவை அனுப்பு என்று ஒருத்தர் கேட்பதற்கு மேல் என்ன லைக் வேண்டும்? அதைப் பெரிதாக பிரின்ட் போட்டு அம்மாவுக்கு அனுப்புங்கள். ஆனால் உங்களிடம் இருப்பது ஸ்கிரீன்ஷாட், ஏ3 தாளில் தெளிவாக வர 4961க்கு 3508 பிக்சல் வேண்டும், ஸ்கிரீன்ஷாட் அதில் பாதிகூடத் தேறாது. இனிமேலாவது படத்தோடு அந்த இடத்தின் விவரம் உள்ள ஃபைலையும் சேமியுங்கள், மென்பொருளிலேயே வசதி இருக்கிறது, சில வரி எழுத்துதான், எந்த அளவிலும் மறுபடி வரைந்துகொள்ளலாம். நான் இதைச் செய்யாமல் ஒரு லேப்டாப் போனதோடு எழுபது படத்தின் இடங்களையும் தொலைத்தேன், அதில் ஒன்றைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. பிடித்தேன் என்பதைக் கவனியுங்கள். அந்த இடம் எங்கேயும் போய்விடாது, எண்கள் நகராது. ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுருள்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து இறங்குங்கள், இந்த மாத ராத்திரிகளுக்கு அது போதும். ரொம்ப ஆழத்தில் எடுத்திருந்தால்தான் கஷ்டம். சாதாரணமாகக் கம்ப்யூட்டர் 15, 16 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் படம் கட்டம் கட்டமாக உடையும். 117 உடையவில்லை என்றால் கைக்கு எட்டும் ஆழத்தில்தான் இருக்கிறது.

கிடைத்ததும் நேரே ஏ3க்குப் போகாமல் சின்னத் தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பாருங்கள், திரையில் பளீரென்று இருக்கும் பச்சை, பிரின்டர் மையில் அப்படியே வராது, கொஞ்சம் மங்கித்தான் வரும், வண்ணத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். மாதிரி எடுக்காமல் ஆறு பெரிய பிரின்ட்டுக்குக் காசு கொடுத்தவன் சொல்கிறேன். தென்காசிக்கு அனுப்பும்போது மடிக்காதீர்கள், அட்டைக் குழாயில் சுருட்டி அனுப்புங்கள்.